ஆக்குபேஷனல் தெரபி: படிப்பிலிருந்து சொந்த கிளினிக் வரை

நோய்க்கோ காயத்துக்கோ பிறகு அன்றாட வேலைகளைத் தானே செய்ய ஒருவரைப் பழக்கும் சிகிச்சைதான் ஆக்குபேஷனல் தெரபி. அதைப் படிக்கக் கல்லூரியில் சேரும் முன், அந்தப் படிப்புக்கு உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். 1952-இல் தொடங்கிய அந்த அமைப்பு, குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அங்கீகாரம் இல்லாத பட்டத்தோடு வேறு நாட்டில் பதிவுக்குப் போனால் பெரும்பாலும் சிக்கல்தான். களப்பயிற்சி முழுவதையும் ஒரே பிரிவில் கழிக்காமல் பக்கவாதம், கைக் காயம், குழந்தைகள், மனநலம் என்று மாறி மாறிப் பாருங்கள்.

முதல் வேலைக்குச் சம்பளத்தைவிட, உங்கள் வேலையைப் பார்த்துத் திருத்தும் சீனியர் ஒருவர் இருக்கிறாரா என்பதே முக்கியம். சொந்த கிளினிக்குக்கு அவசரப்பட வேண்டாம்.

எந்தப் பிரிவில் இருந்தாலும் உங்கள் பெயரை நிலைநிறுத்துவது இலக்கை எழுதும் விதம். "கையில் பலம் கூட வேண்டும்" என்பது இலக்கே அல்ல. "3 வாரத்தில், நாற்காலியில் உட்கார்ந்து, முன்பக்கம் திறக்கும் சட்டையை 10 நிமிடத்துக்குள் தானே போட்டுக்கொள்வார், பொத்தானுக்கு மட்டும் உதவி" என்பதுதான் இலக்கு. அந்தச் செயலை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும். சி.ஓ.பி.எம். (Canadian Occupational Performance Measure) என்ற அளவீடு இதற்கு உதவும்: முக்கியமான 5 செயல்கள் வரை எடுத்து, எவ்வளவு செய்ய முடிகிறது, எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை அவரே மதிப்பெண் போடுவார். மறுபடி அளக்கும்போது 2 புள்ளி கூடியிருந்தால், அது பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம்.

சட்டை போடப் பழக்கும்போது, பாதிக்கப்பட்ட கை முதலில் உள்ளே போக வேண்டும். கழற்றும்போது அது கடைசியில் வரும். வழக்கமான தவறு, சட்டையின் கைப்பகுதியை முழங்கைக்குக் கீழேயே விட்டுவிட்டு சட்டையை முதுகுக்குக் கொண்டுபோவது. அப்போது துணி வழுக்கி இறங்கிவிடும். முழங்கையைத் தாண்டி தோள் வரை ஏற்றிய பிறகுதான் அடுத்த படி. இரு பாதங்களும் தரையில் பதியாத உயரமான கட்டிலில் இதைச் செய்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். வீட்டார் பொறுமையிழந்து தாங்களே மாட்டிவிடுவதும் நடக்கும்; கற்றது நிலைக்காமல் போவது பெரும்பாலும் அங்கேதான். அதனால் ஒரு அமர்வையாவது அவர்களோடு நடத்துங்கள்.

கைப் பிரிவை எடுப்பவர்களுக்கு ஸ்ப்ளின்ட், அதாவது கையை அசையாமல் தாங்கிப் பிடிக்கும் பட்டை, செய்வது கைவந்தாக வேண்டும். அதற்கான தெர்மோபிளாஸ்டிக் தகடு (சூட்டில் இளகும் பிளாஸ்டிக்) பெரும்பாலும் 65 முதல் 75 டிகிரி செல்சியஸ் நீரில் இளகும். சரியான வெப்ப அளவு தகடு வரும் அட்டையிலேயே இருக்கும். வெளியே எடுத்து ஈரத்தைத் துடைத்து, முதலில் உங்கள் முன்கையில் வைத்துச் சூடு பாருங்கள். மணிக்கட்டு ஸ்ப்ளின்ட் முன்கையின் மூன்றில் இரண்டு பங்கு நீளம் வர வேண்டும். விரல்கள் மடங்க வேண்டுமானால் உள்ளங்கையில் விரல்களை ஒட்டிய மேல் ரேகைக்கு முன்பே விளிம்பு முடியட்டும். சுண்டு விரல் பக்கம் மணிக்கட்டில் துருத்தும் எலும்புக்கு, வார்ப்பதற்கு முன்பே பஞ்சுத் துண்டு வைத்துவிடுங்கள். பிறகு ஒட்டினால் அந்தத் தடிமனே எலும்பை அழுத்தும். அரை மணி நேரம் போட்டுப் பார்த்துக் கழற்றுங்கள். சிவப்பு 20 நிமிடத்துக்கு மேலும் மறையாவிட்டால் அந்த இடத்தைத் திருத்தாமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

சொந்தமாகத் தொடங்கும்போது விலையுயர்ந்த கருவிகளில் பணத்தைப் போடாதீர்கள். உயரம் மாற்றும் மேஜை, உறுதியான கட்டில், கண்ணாடி, நிஜமான சமையல் மேடை ஒன்று போதும். பதிவும் தொழில்முறைக் காப்பீடும் முதல் நோயாளிக்கு முன்பே கையில் இருக்கட்டும். வீட்டுக்குப் போகும்போது அளவு நாடாவை மறக்காதீர்கள்: சாய்தளம் 1-க்கு 12 என்ற விகிதம், அதாவது 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளம். உறிஞ்சிப் பிடிக்கும் கைப்பிடியை உடல் எடை தாங்கும் என்று நம்பிக் குளியலறையில் மாட்டவிடாதீர்கள். சுவரில் திருகி இறுக்கியதுதான் தாங்கும்.

அனுப்பிய மருத்துவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: முதல் நாள் மதிப்பெண், இன்றைய மதிப்பெண், அடுத்த இலக்கு. எந்தச் செயல் எவ்வளவு மாறியது என்று அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்தால், அடுத்த நோயாளியை அனுப்பத் தயங்க மாட்டார்.