ஒலிம்பிக் ஃபிகர் ஸ்கேட்டிங் அணிப் போட்டி: எந்த நாடு உள்ளே வரும் என்று நீங்களே கணக்குப் போடுவது எப்படி?

2014 சோச்சி ஒலிம்பிக்கில்தான் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அணிப் போட்டியை, அதாவது நான்கு பிரிவுகளின் ஆட்டத்தையும் சேர்த்து நாட்டுக்கு நாடு மோதும் போட்டியை, முதன்முறையாக வைத்தார்கள். களமிறங்கிய பத்து நாடுகளில் தென் கொரியா இல்லை. 2010 ஒலிம்பிக் தங்கமும் 2013 உலக சாம்பியன் பட்டமும் வென்ற கிம் யூனா அந்த நாட்டுக்காரர், அந்த சோச்சியிலேயே தனிநபர் போட்டியில் ஆடியவர், ஆனாலும் அணிப் போட்டியில் கொரியாவின் பெயரே கிடையாது. காரணம் எளிது. அந்த முறை கொரியாவுக்கு மகளிர் ஒற்றையரில் மட்டும்தான் ஆள் இருந்தது. ஆடவர் ஒற்றையர், ஜோடி, ஐஸ் டான்ஸ் மூன்றிலும் ஒருவரும் இல்லை.

நட்சத்திரத்தைப் பார்த்து ஒரு நாட்டை எடைபோட்டால் இந்தக் கணக்கு எப்போதும் தப்பாகத்தான் வரும். அந்த நாட்டின் பலவீனமான பிரிவு எது என்று தேடுங்கள், முக்கால்வாசி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

சரி, ஒரு தாளை எடுத்து நான்கு கட்டம் போடுங்கள்: ஆடவர், மகளிர், ஜோடி, ஐஸ் டான்ஸ். (ஜோடியும் ஐஸ் டான்ஸும் ஒன்றல்ல. ஜோடியில் துணையைத் தூக்கி வீசுவது, தலைக்கு மேல் ஏந்துவது எல்லாம் உண்டு. ஐஸ் டான்ஸில் வீச்சு கிடையாது, தாளமும் காலடி வேலையும்தான் அங்கே முக்கியம்.) முதலில் பார்க்க வேண்டியது புள்ளிகளை அல்ல, தனிநபர் இடங்களை, அதாவது ஒவ்வொரு பிரிவின் தனிநபர் போட்டிக்கும் அந்த நாடு எத்தனை பேரை (அல்லது ஜோடிகளை) அனுப்பலாம் என்பதை. ஒலிம்பிக்கில் நான்கில் குறைந்தது மூன்று பிரிவுகளில் இடம் பிடித்த நாடுதான் அணிப் போட்டிக்கே பரிசீலிக்கப்படும். காலியாக இருக்கும் நான்காவது கட்டத்துக்கு, அணிப் போட்டியில் மட்டும் ஆடுவதற்கென்று கூடுதல் ஆட்களை அனுமதிப்பார்கள். அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு, எல்லா நாடுகளுக்கும் சேர்த்தே 10 பேர்தான்.

அந்தத் தனிநபர் இடங்கள் பெரும்பாலும் ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆண்டின் உலக சாம்பியன்ஷிப்பில் முடிவாகிவிடும். 2026 மிலானோ கோர்டினாவுக்கு அது 2025 மார்ச்சில் பாஸ்டனில் நடந்தது. ஒரு பிரிவில் ஒரு நாட்டின் சிறந்த இருவர் அங்கே எத்தனையாவதாக வந்தார்கள் என்ற எண்களைக் கூட்டிப் பாருங்கள்: 13 அல்லது அதற்குள் வந்தால் ஒலிம்பிக்கில் மூன்று இடம், 28-க்குள் வந்தால் இரண்டு. ஒரே ஒருவரை அனுப்பிய நாடாக இருந்தால், அவர் முதல் இரண்டுக்குள் வந்தால் மூன்று, பத்துக்குள் வந்தால் இரண்டு. இதில் நுணுக்கமான நிபந்தனைகள் இன்னும் இருக்கின்றன, ஆனால் அணிக் கணக்குக்கு ஒரு பிரிவில் ஓர் இடம் இருந்தாலே போதும் என்பதால் அதற்குள் நாம் இறங்க வேண்டாம்.

பாஸ்டனில் தவறவிட்டவர்களுக்குக் கடைசி வாய்ப்பாக 2025 செப்டம்பரில் பெய்ஜிங்கில் ஒரு தகுதிப் போட்டி நடந்தது. ஆடவருக்கு 5, மகளிருக்கு 5, ஜோடிக்கு 3, ஐஸ் டான்ஸுக்கு 4 இடங்கள், அவ்வளவுதான். அதற்கு முன் பல ஒலிம்பிக்குகளுக்கு இந்த வேலையை ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃபில் நடக்கும் நெபல்ஹார்ன் டிராபி செய்துவந்தது. அணிக் கனவுள்ள சின்ன நாடுகளுக்கு இந்தப் போட்டி உயிர்நாடி. இரண்டு கட்டம் நிரம்பி மூன்றாவதுக்குத் தவிக்கும் நாட்டின் தலையெழுத்து இங்கேதான் எழுதப்படுகிறது.

இப்போது புள்ளிகளுக்கு வருவோம். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நாட்டின் சிறந்த ஒருவர் அல்லது ஒரு ஜோடியின் புள்ளிகள் மட்டுமே சேரும். ஒரே பிரிவில் மூன்று உலகத்தர வீராங்கனைகள் இருந்தாலும் மற்ற இருவரின் புள்ளிகள் இந்தக் கணக்கில் ஏறாது. இரண்டு பெரிய வரவுகள் உண்டு: முந்தைய உலக சாம்பியன்ஷிப், அப்புறம் ஒலிம்பிக் பருவத்தின் கிராண்ட் பிரி போட்டிகள் (பல நாடுகளில் தொடராக நடப்பவை, அவற்றில் சிறந்தவர்கள் மட்டும் கடைசியில் ஃபைனலுக்குப் போவார்கள்). உலக சாம்பியனுக்கு 1200 புள்ளி, இரண்டாமவருக்கு 1080, மூன்றாமவருக்கு 972, இப்படி ஒவ்வோர் இடத்துக்கும் ஏறக்குறைய பத்து சதவீதம் குறைந்துகொண்டே வந்து பத்தாமவருக்கு 465. ஒரு கிராண்ட் பிரி போட்டியில் தங்கம் 400, கிராண்ட் பிரி ஃபைனலில் தங்கம் 800. ஜூனியர் கிராண்ட் பிரிக்கும் புள்ளி உண்டு, ஆனால் சீனியரைவிட நன்றாகவே குறைவு.

இந்த எண்களை வைத்து ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு நாட்டுக்கு ஓர் உலக சாம்பியன் இருக்கிறார், மற்ற மூன்று கட்டமும் காலி: மொத்தம் 1200. இன்னொரு நாட்டில் பதக்கம் வாங்கும் ஆள் ஒருவர்கூட இல்லை, ஆனால் நான்கு பிரிவிலும் பத்தாம் இடம்: நான்கு முறை 465, அதாவது 1860. யார் முன்னால் நிற்கிறார்கள் பாருங்கள்! எனக்கு இந்தப் போட்டி பிடித்ததற்குக் காரணமே இதுதான். பயிற்சியாளர்களையும் பனித்தளங்களையும் பொறுமையாக நான்கு பக்கமும் வளர்த்த நாட்டுக்கு இங்கே மரியாதை கிடைக்கிறது. ஜார்ஜியா அப்படித்தான் 2022-ல் முதன்முறையாக உள்ளே வந்து ஆறாம் இடம் பிடித்தது.

டிசம்பரில் கிராண்ட் பிரி ஃபைனல் முடிந்ததும் கூட்டலும் முடிந்துவிடும், முதல் 10 நாடுகள் உள்ளே. (2021-ல் ஒசாகாவில் நடக்க வேண்டிய ஃபைனல் கோவிட்டால் ரத்தானது, ஆகவே அந்தமுறை அந்த வரவே இல்லாமல் கணக்கை முடித்தார்கள்.)

எந்தக் கட்டத்தை அதிகம் உற்றுப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், நான் யோசிக்காமல் ஜோடி என்பேன். உலகத்தில் நல்ல ஜோடிகள் குறைவு, உருவாக்க வருடங்கள் ஆகும். ஜப்பானைப் பாருங்கள். சோச்சி அணிப் போட்டியில் ஆடவர் ஷார்ட் புரோகிராமில் (முதலில் ஆடும் குறுகிய ஆட்டம்) ஜப்பானின் நட்சத்திரம் யுசுரு ஹன்யூ முதலிடம், ஆனாலும் ஜப்பான் ஐந்தாவதாகத்தான் முடித்தது. அங்கே ஜோடியில் ஆடிய ரியுயிச்சி கிஹாரா, ஒற்றையரிலிருந்து ஜோடிக்கு மாறி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. 2018-லும் அவர் வேறு துணையுடன் வந்தார், மறுபடியும் ஐந்தாம் இடம். 2022-ல் ரிக்கு மியுராவுடன் வந்தபோது ஃப்ரீ ஸ்கேட்டில் (அடுத்து ஆடும் நீண்ட ஆட்டம்) அந்த ஜோடி இரண்டாவது, ஜப்பானுக்கு வெள்ளி. மூன்று ஒலிம்பிக்கிலும் ஆள் அதே ஆள்தான், நிரம்பியது அந்தக் கட்டம்.

கணக்கைக் கவிழ்க்கும் விஷயங்களும் இருக்கின்றன, அவற்றைக் கட்டாயம் சரிபாருங்கள். உலக சாம்பியன்ஷிப்பில் ஜோடியில் ஒருவர் மட்டும் அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால் போதும், ஒலிம்பிக்கில் இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும். ஜெர்மனிக்காக அல்யோனா சவ்சென்கோவுடன் ஆடிய புரூனோ மாசோ பிரான்ஸில் பிறந்தவர். ஜெர்மன் மொழித் தேர்வில் தடுமாறி, 2017 நவம்பரில்தான், அதாவது ஒலிம்பிக்குக்கு மூன்று மாதம் முன்புதான், அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. அந்த ஜோடி அப்புறம் பியோங்சாங்கில் தங்கம் வென்றது. அடுத்தது வயது. சீனியர் போட்டிக்குக் குறைந்தபட்ச வயது இப்போது 17, எனவே ஜூனியரில் கலக்கும் சிறுமியை நம்பி ஒலிம்பிக் கட்டத்தை நிரப்பிவிடாதீர்கள். அப்புறம், 2026-ல் ரஷ்யர்கள் நடுநிலை வீரர்களாகத் தனித்தனியேதான் அனுமதிக்கப்பட்டார்கள், அணியாக அல்ல.

வேர்ல்ட் டீம் டிராபியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2009-ல் தொடங்கி ஜப்பானில் நடக்கும் அந்தப் போட்டிக்கு அந்தப் பருவத்தில் சிறப்பாக ஆடிய ஆறு நாடுகளை மட்டும் அழைப்பார்கள், ஒற்றையரில் இரண்டிரண்டு பேர் ஆடுவார்கள்.

கடைசியாக ஒன்று. தகுதி பெறுவது நாடு, ஆடுவது ஆள். பத்து நாடுகளும் ஷார்ட் புரோகிராம் ஆடும், முதலிடத்துக்கு 10 புள்ளி, பத்தாமிடத்துக்கு 1, அதில் முன்னணி ஐந்து மட்டும் ஃப்ரீ ஸ்கேட்டுக்குப் போகும், இடையில் இரண்டு பிரிவுகள் வரை ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். 2022 பெய்ஜிங்கில் ஜெர்மனியின் ஜோடியில் நோலன் சீகர்ட்டுக்கும் உக்ரைனின் இவான் ஷ்முராட்கோவுக்கும் கோவிட் உறுதியானது. வருடக்கணக்காகச் சேர்த்துவைத்த தகுதி அப்படியே இருந்தது, ஆனால் ஜெர்மனிக்கு ஜோடிக் கட்டத்திலும் உக்ரைனுக்கு ஆடவர் கட்டத்திலும் அன்று விழுந்தது பூஜ்யம்.