தேதில ஒரு நாள் கூட்டினா க்ளாஸே மாறிப் போகுது (பைத்தான் 3.7)

பைத்தானோட டேட் க்ளாஸை இன்ஹெரிட் பண்ணி, விடுமுறை நாளான்னு சொல்ற மெத்தட் ஒண்ணு சேர்த்து சொந்தமா ஒரு க்ளாஸ் எழுதியிருந்தேன், லேப்டாப்ல பக்காவா ஓடுச்சு, சர்வர்ல போட்டா அந்த மெத்தடே இல்லைன்னு ஆட்ரிப்யூட் எரர். இம்போர்ட் பாத், பழைய கேஷ் ஃபைல், டைம்ஸோன்னு எல்லாத்தையும் நோண்டினேன், ஒண்ணும் பிரயோஜனமில்ல.

இதுல பேஜாரு என்னன்னா பிரிண்ட் போட்டா ரெண்டு இடத்துலயும் 2024-02-29னு ஒரே மாதிரிதான் வருது. ஸ்டிரிங்கா மாத்தினா சப்க்ளாஸும் (அதாவது இன்ஹெரிட் பண்ணி எழுதின என் க்ளாஸ்) சாதா டேட்டும் ஒண்ணாத்தான் தெரியும். டைப்பை பிரிண்ட் பண்ணப்பதான் ஆள் மாறினது தெரிஞ்சுது, டைம்டெல்டா (இத்தனை நாள்னு சொல்ற கால இடைவெளி) கூட்டினதும் என் க்ளாஸ் போயி வெறும் டேட் வந்து நிக்குது. சர்வர்ல இருந்தது பைத்தான் 3.7; 3.8ல இருந்துதான் கூட்டினா சப்க்ளாஸே திரும்ப வரும். (ரிலீஸ் நோட்ஸ்ல இருக்கு, யாரு படிக்கிறா!)

சர்வரை அப்கிரேட் பண்ண விடமாட்டேன்னுட்டாங்க. அதனால + போட்டா ஓடுற __ஆட்__ மெத்தடை நானே எழுதி, வர்ற விடையோட ஆர்டினல் நம்பரை (அந்தத் தேதி எத்தனையாவது நாள்ங்கிற எண்) எடுத்து, அதைத் திரும்பத் தேதியாக்குற ஃப்ரம்-ஆர்டினல் வழியா என் க்ளாஸாவே திருப்பிக் குடுத்தேன், சரியாயிடுச்சு, அப்பாடா.

ஆனா அது மட்டும் பத்தாது, டைம்டெல்டாவை முதல்ல எழுதி கூட்டினா __ஆர்ஆட்__தான் ஓடும், அதையும் எழுதணும். கழித்தல்ல இன்னும் கவனம் வேணும், தேதில இருந்து தேதியக் கழிச்சா வர்றது டைம்டெல்டா, அதை அப்படியே விட்டுடணும், விடை டேட் க்ளாஸா இருந்தா மட்டும் மாத்தணும்.