இருபத்தைந்து தடையிகளில் ஓர் ஒலிமாற்றி: 8 பிற்று இலக்கமுறை–ஒப்புமை மாற்றியைச் செய்யும் முறை

கணினியிலோ கைபேசியிலோ சேமிக்கப்பட்டிருக்கும் பாட்டு உண்மையில் எண்களின் நீண்ட வரிசையேயாகும். இறுவட்டொன்றில் இடம், வலம் என்ற ஒவ்வோர் ஒலித்தடத்துக்கும் செக்கனுக்கு 44,100 எண்கள் வீதம், ஒவ்வொன்றும் 16 பிற்று (பிற்று என்பது 0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம்) நீளத்தில் பதிவாகியிருக்கும். அந்த எண்களை ஏறியிறங்கும் மின்னழுத்தமாக ஆக்கிக் கொடுப்பதே இலக்கமுறை–ஒப்புமை மாற்றியின் வேலை. உயர்தரத்தில் பௌதிகம் படிக்கும் மாணவர் ஒருவர் வீட்டு மேசையிலேயே செய்து பார்க்கக்கூடிய 8 பிற்று மாற்றியொன்றை இங்கே விளக்குகிறேன். பாட்டுக் கேட்பது மட்டுமே நோக்கமென்றால் ஆயத்தமாக விற்கும் பி.சி.எம்.5102ஏ போன்ற சில்லு இதைவிடப் பன்மடங்கு நல்லது. ஆனால் அதற்குள் நடப்பதைப் பல்மானியின் முனையால் தொட்டுப் பார்க்க முடியாது.

முதலில் கணக்கு. 8 பிற்றுகளால் 256 நிலைகளைக் குறிக்கலாம். 5 வோல்ற்றை 256ஆல் வகுத்தால் ஒரு படியின் உயரம் ஏறத்தாழ 19.5 மில்லிவோல்ற்று. செக்கனுக்கு 8,000 மாதிரிகள், அதாவது 8,000 எண்கள், என்று வைத்துக்கொள்வோம். தொலைபேசிப் பேச்சுக்கு நெடுங்காலம் பயன்பட்ட வீதமும் இதுவே. மாதிரி வீதத்தின் அரைப்பங்குக்கு மேற்பட்ட மீடிறன்களைச் சரியாக மீட்க முடியாது என்பதால், நமது மாற்றியின் எல்லை 4,000 ஹேர்ட்ஸ்.

தேவையான பொருள்கள்: அர்டுயினோ ஊனோ என்ற நிரற்படுத்தக்கூடிய சிறு கணினிப் பலகை ஒன்று, பற்றாசின்றிச் சுற்றமைக்க உதவும் பிரெட்போட், 10 கிலோ ஓம் தடையிகள் ஐம்பது, எம்.சி.பி.6002 என்ற செயற்பாட்டு விரியலாக்கி, 4.7 நனோபரட், 0.1 மைக்ரோபரட், 10 மைக்ரோபரட் கொள்ளளவிகள் ஒவ்வொன்று, 10 கிலோ ஓம் ஒலியளவுத் திருகி, பல்மானி. யாழ்ப்பாண நகரத்துக் கடையொன்றில் தடையி கேட்கும்போது 1 சதவீதப் பொறுதியுள்ள (குறித்த பெறுமானத்திலிருந்து 1 சதவீதத்துக்கு மேல் விலகாத) உலோகப்படலத் தடையி என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். கையில் தரப்படுவது 5 சதவீதக் கரித்தடையியாக இருந்தால், கொழும்பிலிருந்து தருவித்தாவது சரியானதை வாங்குவது நல்லது. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பது சற்றுப் பின்னர் விளங்கும்.

தேவைப்படுவது 25 தடையிகள். ஐம்பது வாங்குவது தெரிந்தெடுப்பதற்காக. ஒவ்வொன்றையும் பல்மானியால் அளந்து, பெறுமானத்தைத் துண்டுக் கடதாசியில் எழுதி ஒட்டி, ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவற்றைப் பிரித்தெடுங்கள். எல்லாமே 9.95 கிலோ ஓமாக இருந்தாலும் குறையில்லை, ஏனெனில் இங்கே வேண்டியது ஒற்றுமைதான். 10 என்ற எண்ணன்று.

இனி மாற்றியின் உடலான தடையி ஏணியைக் கட்டலாம். பிரெட்போட்டில் எட்டுக் கணுக்களை (இணைப்புப் புள்ளிகளை) 0 முதல் 7 வரை வரிசையாகக் குறித்துக்கொண்டு, அடுத்தடுத்த கணுக்களுக்கிடையே ஒவ்வொரு 10 கிலோ ஓம் தடையியைப் போடுங்கள். அர்டுயினோவின் 0 முதல் 7 வரையான முனைகளிலிருந்து, இரண்டு தடையிகளைத் தொடராக இணைத்த 20 கிலோ ஓம் கைகளை அந்தந்த இலக்கக் கணுவுக்குக் கொண்டுவாருங்கள். கணு 0இலிருந்து இன்னொரு 20 கிலோ ஓம் கை புவி முனைக்குச் செல்ல வேண்டும். வெளியீடு கணு 7இல் கிடைக்கும். கணு 7இன் கை வெளியீட்டில் பாதியையும், அதற்கடுத்தது காற்பங்கையும், அடுத்தது அரைக்காற்பங்கையும் தீர்மானிக்கின்றன. இப்படியே எட்டாவது கைக்கு 256இல் ஒரு பங்கே எஞ்சும்.

மிகப் பெரிய பங்கைத் தாங்கும் கையில் ஏற்படும் சிறு பிழையும் கீழுள்ள படிகளை விழுங்கிவிடும் என்பதே இந்த வடிவமைப்பின் உயிர்நிலை. மற்றவையெல்லாம் துல்லியமாக இருக்க, முனை 7இன் கை மட்டும் 20.2 கிலோ ஓமாக, அதாவது 1 சதவீதம் கூடுதலாக இருப்பதாகக் கொள்ளுங்கள். எண் 127க்கு 2.493 வோல்ற்றும், எண் 128க்கு 2.488 வோல்ற்றும் வரும். எண் கூடும்போது மின்னழுத்தம் குறைகிறது! ஒலியலை நடுக்கோட்டைக் கடக்கும் இடமும் அதுவே ஆகையால், மெல்லிய ஒலியிலும் இந்தக் கரகரப்பு ஒளியாது. எனவே தெரிந்தெடுத்தவற்றுள் மிகச் சிறந்தவற்றை மேல் மூன்று கணுக்களுக்கு ஒதுக்கி, மிஞ்சியவற்றைக் கீழே இறக்குங்கள்.

ஒலியை இணைக்குமுன் நிலையான எண்களால் சோதியுங்கள். முனை 0 முதல் 7 வரை அனைத்தும் அர்டுயினோவுக்குள் இருக்கும் போட் டி என்ற ஒரே பதிவகத்தின் (சிறு நினைவிடத்தின்) எட்டுப் பிற்றுகள் என்பதால், ஓர் எண்ணை அதில் எழுதினால் எட்டு முனைகளும் ஒருசேர மாறும். வழங்கல் சரியாக 5 வோல்ற்று எனில் 64, 128, 192, 255 ஆகிய எண்களுக்கு முறையே 1.25, 2.50, 3.75, 4.98 வோல்ற்றுக் கிடைக்க வேண்டும். யூ.எஸ்.பி. வழங்கல் சற்றுக் குறைவாக இருந்தால் எல்லாம் அதே விகிதத்தில் குறையும். பின்னர் 127ஐயும் 128ஐயும் மாறி மாறி எழுதி, பிந்தியது உயர்ந்திருப்பதை உறுதிசெய்யுங்கள். முனை 0உம் 1உம் தொடர்நிலைத் தொடர்பாடலுக்கும் உரியவை. நிரலில் அந்த வசதியைப் பயன்படுத்தாதீர்கள்.

அடுத்தது வடிகட்டி. ஏணியின் வெளியீட்டுத் தடை எந்த எண்ணுக்கும் 10 கிலோ ஓமாகவே இருப்பதால், தனித் தடையி தேவையில்லை. கணு 7இலிருந்து புவிக்கு 4.7 நனோபரட் கொள்ளளவியை இட்டால் வெட்டு மீடிறன் ஏறத்தாழ 3,390 ஹேர்ட்ஸாக அமையும். ஒற்றைக் கொள்ளளவி மென்மையான வடிகட்டிதான். கூர்மையான இரைச்சல் முழுவதும் போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஏணியின் மின்னழுத்தத்தைக் குலைக்காமல் அடுத்த கட்டத்துக்குக் கடத்துவதே விரியலாக்கியின் வேலை. கணு 7ஐ அதன் 3ஆம் முனைக்கும், 2ஆம் முனையை 1ஆம் முனைக்கும் இணையுங்கள். 8ஆம் முனைக்கு 5 வோல்ற்று, 4ஆம் முனைக்குப் புவி; இரண்டுக்குமிடையே, சில்லுக்கு மிக அருகில், 0.1 மைக்ரோபரட். பயன்படாத மறுபாதியில் 6ஐ 7உடன் இணைத்து, 5ஐப் புவிக்குக் கொடுங்கள். வீட்டில் கிடக்கும் எல்.எம்.358 இங்கே பொருந்தாது. 5 வோல்ற்று வழங்கலில் அதன் வெளியீடு உச்சத்தை எட்டுமுன்பே தட்டையாகிவிடும். 1ஆம் முனையிலிருந்து 10 மைக்ரோபரட் கொள்ளளவியின் நேர் முனை, அதன் மறுமுனையிலிருந்து ஒலியளவுத் திருகி, அங்கிருந்து ஒலிபெருக்கிப் பெட்டியின் துணை உள்ளீடு.

முதல் ஒலிக்கு, 32 பெறுமானங்களில் ஒரு சைன் அலையை 128ஐ நடுவாகக் கொண்டு அட்டவணையாக்குங்கள். அர்டுயினோவுக்குள் இருக்கும் நேரங்காட்டி 1ஐ, குறித்த எண்ணை எட்டியதும் மீண்டும் பூச்சியத்திலிருந்து எண்ணும் ஒப்பீட்டு முறையில், கடிகாரத் துடிப்புகளை முன்வகுத்தல் இன்றி, 1999 என்ற பெறுமானத்துக்கு அமைத்தால், 16 மெகாஹேர்ட்ஸ் கடிகாரத்தில் அது செக்கனுக்குச் சரியாக 8,000 முறை நிரலின் ஓட்டத்தில் குறுக்கிடும். ஒவ்வொரு குறுக்கீட்டிலும் அடுத்த பெறுமானத்தைப் போட் டியில் எழுதினால் 250 ஹேர்ட்ஸ் சுரம் கேட்கும். 4.7 நனோபரட்டைக் கழற்றிப் பார்த்தால் 7,750, 8,250 ஹேர்ட்ஸில் மறைந்திருந்த கீச்சொலி எழும்பும். வடிகட்டியின் பயனை அறிய இதைவிட நேரான வழி இல்லை.

உறுமல் கேட்டால் மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றி, பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் 50 ஹேர்ட்ஸ் உறுமல் அங்கிருந்தே வருகிறது. நமது மாற்றியில் 5 வோல்ற்று வழங்கலே அளவுகோலாகவும் இருப்பதால், அதிலுள்ள அழுக்கு அப்படியே ஒலியில் இறங்கும். மின்சாரமில்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட யாழ்ப்பாணத்தாருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

குரலை ஒலிக்கச் செய்ய விரும்பினால், ஊனோவின் 32 கிலோபைற்று நினைவகத்தில் நான்கு செக்கன் ஒலிகூடக் கொள்ளாது. நீண்ட பதிவுகளுக்கு எஸ்.டி. அட்டைப் பலகை வேண்டும். அது வழக்கமாகப் பயன்படுத்தும் 10 முதல் 13 வரையான முனைகளை ஏணி தொடவில்லை என்பதால், கட்டியதில் ஒரு கம்பியையும் மாற்றாமல் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.