கடலைத் தாண்ட அவசரப்படாதீர்கள்: அயர்லாந்துப் பூர்வீகம் தேடுவோர் செய்யும் தவறுகள்

அமெரிக்கக் குடும்பங்களில் “எங்கள் முன்னோர் பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து வந்தவர்கள்” என்ற பேச்சை அடிக்கடி கேட்கலாம். உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கியது 1845-இல். அமெரிக்கா பிரிட்டனின் காலனியாக இருந்தபோதே வந்தவர்களின் கதை வேறு. இங்கே நான் பேசுவது அவர்களைப் பற்றித்தான். அவர்களில் பலர் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரிலிருந்து வந்த, பிரஸ்பிடீரியன் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ சபையினர். ஸ்காட்லாந்திலிருந்து அங்கே போய்க் குடியேறியவர்களின் வாரிசுகள். காலத்தைத் தப்பாகப் பிடித்தால் சபை, ஊர், துறைமுகம் எல்லாமே தப்பிப்போகும்.

கப்பல் பட்டியலில் பெயரைத் தேடி மாதக்கணக்கில் அலைவதும் வீண். ஃபிலடெல்ஃபியாவில் 1727 முதல் எடுத்த பட்டியல்கள் ஜெர்மானியர் போன்ற அயல்நாட்டாருக்கானவை. அயர்லாந்துக்காரர்களோ பிரிட்டிஷ் மன்னரின் குடிகள், அவர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. வருகிற பயணிகளை எல்லாம் முறையாகப் பதிவு செய்யத் தொடங்கியது 1820-இல்தான். “எல்லிஸ் தீவில் அதிகாரி எங்கள் பெயரை மாற்றிவிட்டார்” என்ற கதையும் இங்கே ஒட்டாது. குடியேற வந்தவர்களைச் சோதிக்கும் நியூயார்க் துறைமுகத்து நிலையம் அந்தத் தீவில் திறந்ததே 1892-இல்.

அப்புறம் எங்கே தேடுவது? நிலப்பத்திரம், வரிப்பட்டியல், சபைப் பதிவேடு, உயில். எனக்கு மிகவும் பிடித்தவை உயில்கள். அதிகம் ஏமாறுவதும் அங்கேதான். ‘ஜூனியர்’ என்றிருந்தால் உடனே மகன் என்று எழுதிவிடுகிறோம். அந்தக் காலத்தில் அது பெரிய ஜான், சின்ன ஜான் என்பது போலத்தான். இருவரும் சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாதவர்களாகவும் இருக்கலாம். பெரியவர் இறந்ததும் சின்னவரே ‘சீனியர்’ ஆகிவிடுவார். ‘கஸின்’ என்று எழுதி அண்ணன் மகனைக் குறித்ததும் உண்டு. ‘சன் இன் லா’ என்பவர் மாப்பிள்ளையாகவும் இருக்கலாம், மனைவியின் முந்தைய கணவருக்குப் பிறந்த மகனாகவும் இருக்கலாம். பெயர் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒன்றாகிவிடாது. நிலம் விற்றபோது உடன் ஒப்பமிட்ட மனைவியின் பெயர் என்ன, சாட்சிகள் யார், விற்றவர் கையெழுத்துப் போட்டாரா, வெறும் பெருக்கல் குறி போட்டாரா என்று பாருங்கள். அவை பிரித்துக் காட்டும்.

தேதிகளில் இன்னொரு குழி இருக்கிறது. 1752-க்கு முன் இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் சட்டப்படி வருடம் பிறந்தது மார்ச் 25-இல். 1740 ஏப்ரலில் திருமணம், 1740 பிப்ரவரியில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று பதிவேட்டில் இருந்தால் அந்தப் பெண்மீது பழி போடாதீர்கள். ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிப்ரவரி அது. பத்து மாதம் கழித்துத்தான் ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த தேதியைக் குடும்ப பைபிளில் 1731/32 பிப்ரவரி 11 என்று எழுதியிருக்கிறார்கள். பழைய கணக்கில் 1731, புதிய கணக்கில் 1732 என்பதால்தான் இரண்டு வருடங்கள். 1752-இல் நாட்காட்டியை மாற்றியபோது 11 நாட்களையும் தள்ளிவிட்டார்கள், அதனால் இன்றைய நாட்காட்டியில் அது 1732 பிப்ரவரி 22.

இதையெல்லாம் சரிபார்க்காமல் அயர்லாந்துக்குத் தாவுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அங்கே ‘டவுன்லேண்ட்’ என்கிற சிற்றூர்ப் பிரிவுகள் 60,000-க்கு மேல். ‘அயர்லாந்து’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு எதில் தேடுவீர்கள்? 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் ஏராளமானவை போயின, உண்மை. அதற்காக எல்லாமே போயிற்று என்று கைவிடவும் வேண்டாம். 1708 முதல் நிலப்பரிமாற்றங்களைப் பதிந்துவரும் பத்திரப் பதிவகம் தப்பிவிட்டது.

ஊர் பிடிபடவில்லையா, அக்கம்பக்கத்தாரைத் தேடுங்கள். கூட்டமாகத்தான் பலர் வந்தார்கள். அல்ஸ்டரின் ஆகடோவி ஊர்ப் போதகர் ஜேம்ஸ் மெக்கிரிகர் 1718-இல் தம் சபையார் பலரோடு கப்பலேறி வந்தார். மறுவருடம் நியூ ஹாம்ப்ஷயரில் அவர்கள் அமைத்த ஊர் பின்னர் லண்டன்டெரி ஆனது. உங்கள் ஆளின் உயிலில் சாட்சி போட்ட பக்கத்து நிலத்துக்காரரின் கல்லறைக் கல்லில் அவர் பிறந்த ஊர் செதுக்கப்பட்டிருக்கலாம். அந்த ஊர்ப் பெயரை எடுத்துக்கொண்டு கடலைத் தாண்டுங்கள்.