துப்பல் மாதிரி எடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு

துப்பலில் உள்ள புரதங்களை வைத்து வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஆய்வுகளுக்காக, மாதிரி எடுக்க ஊருக்குள் போகும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். ஆய்வுகூடத்தில் ரியூபைக் கையில் வாங்கும் எனக்கு, அது எப்படி எடுக்கப்பட்டதென்று பார்த்த உடனே ஓரளவு தெரிந்துவிடும். நிறமும் நுரையும் காட்டிக்கொடுக்கும். எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும், வீட்டு விறாந்தையில் பிழைத்த மாதிரியை இங்கே திருத்த முடியாது.

முதல் நாள் பின்னேரமே போன் எடுத்துச் சொல்லிவிடுங்கள்: "ஐயா, காலமை நாங்கள் வாறதுக்கு முதல் ஒண்டும் சாப்பிடாதேங்கோ, தேத்தண்ணி வேண்டாம், பல்லுத் தீட்டாதேங்கோ, சுருட்டும் பத்தாதேங்கோ." குறைந்தது ஒரு மணித்தியாலம் வாய் சும்மா இருக்க வேண்டும். நீரிழிவுக்கு ஊசி போடுபவர்களைப் பட்டினி கிடக்க விடாதீர்கள். அவர்கள் சாப்பிடட்டும், நீங்கள் பிந்திப் போங்கள்.

பெரிய பாடு வெத்திலைதான். பாக்கிலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் புரதங்களைப் பிடித்துத் திரள வைக்கும். நாங்கள் தேடுகிற புரதமும் அந்தக் கசடோடு அடியில் போய்விடலாம். சிவப்புச் சாயம், நிறத்தை வைத்து அளக்கும் பரிசோதனையையும் குழப்பும். "வெத்திலை சப்புவீங்களோ?" என்று கேட்டால், பல்லில்லாத ஆச்சி "இல்லைப் பிள்ளை" என்பார். பக்கத்திலேயே பாக்குரல் இருக்கும்; இடித்துக் கன்னத்துக்குள் அடக்கி வைத்திருப்பார். ஆகவே, "கடைசியா எத்தனை மணிக்கு வாய்க்குள்ள வைச்சனீங்கள் ஆச்சி, புகையிலையும் சேர்த்தோ?" என்று கேட்டு எழுதுங்கள். புகையிலை இல்லாத வெத்திலையும் பாக்கும்கூடப் புற்றுநோய் தரும் என்பது உறுதியான விஷயம். அதையும் தன்மையாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளிக்க வைத்து, 5 நிமிடம் பொறுங்கள். பிறகு தலையைச் சற்றுக் குனிந்து இருக்கட்டும். துப்பல் தானாக ஊறி, கீழுதட்டால் வழிந்து ரியூபுக்குள் விழ வேண்டும். காறித் துப்பினால் சளி வரும். புளியைக் காட்டி ஊற வைத்தால் தண்ணீராக வரும், புரதங்களின் அளவு மாறிவிடும். 5 மில்லிலீற்றர் போதும். வயதானவர்களுக்கு வாய் காய்ந்திருக்கும், நேரம் எடுக்கும், அவசரப்படுத்த வேண்டாம். ரியூப் தொடக்கத்திலிருந்தே ஐஸுக்குள் நிற்க வேண்டும். எங்கள் வெக்கையில், வாயிலுள்ள நொதியங்கள் புரதத்தை வெட்டிக்கொண்டே இருக்கும். ஐஸ் தண்ணீரில் பேனை மை கரையும், அழியாத மார்க்கரால் எழுதுங்கள். இங்கு வந்ததும் கசடு அடியில் போக மெசினில் 4 பாகையில் சுழற்றி, தெளிந்ததைச் சிறு சிறு ரியூபுகளாகப் பிரித்து மைனஸ் 80 பாகையில் வைப்போம்.

முரசில் (பல் ஈறில்) இரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் குறியுங்கள். இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 போன்ற அழற்சிப் புரதங்கள் புற்றுநோயில் கூடுவதுபோல முரசு வருத்தத்திலும் கூடும்.

மாதிரி எடுத்து முடிந்ததும் ரோச் அடித்து வாயைப் பாருங்கள். என்னைக் கேட்டால், முழுப் பயணத்திலும் இதுதான் பெறுமதியான வேலை. கட்டுப்பல்லைக் கழற்றச் சொல்லுங்கள். நாக்கின் இரண்டு ஓரம், நாக்குக்கு அடி, வெத்திலை அடக்கும் கன்னப் பக்கம், அண்ணம், உதட்டின் உட்புறம். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட ஆபத்தான சிவப்புத் திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், மூன்று விரல் நிமிர்த்தி நுழையாதபடி இறுகிய வாய், இதில் எது இருந்தாலும் புரத முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது. நோவு இல்லையென்று அவர் சொல்வதை வைத்து ஆறுதல் அடையாதீர்கள், தொடக்கத்தில் நோகாது.

"மெசின் சொல்லும்தானே தம்பி?" என்று கேட்பார்கள். கணக்கைச் சொல்லுங்கள். 2008இல் அமெரிக்காவில் 5 உமிழ்நீர்ப் புரதங்களைச் சேர்த்துப் பார்த்த ஒரு பேர்போன ஆய்வு, நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தினரைச் சரியாகக் கண்டது. நோயில்லாதவர்களில் 83 சதவீதத்தினரை நோயில்லை என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1,000 பேர் உள்ள ஊரில் 5 பேருக்கு நோய் என்று வைத்தால், 4 அல்லது 5 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 169 பேருக்கும் 'இருக்கலாம்' என்று வரும். அதனால்தான் சதைத்துண்டு எடுத்துப் பார்க்காமல் எவருக்கும் புற்றுநோய் என்று சொல்வதில்லை. இந்தப் புரதங்களில் எனக்கு நம்பிக்கை உண்டு. யாரை முதலில் கிளினிக்குக்கு அனுப்புவது என்று தெரிந்தெடுக்க ஒருநாள் உதவும். அதற்கு நல்ல மாதிரிகள் வேண்டும்.

திட்டோ புண்ணோ கண்டால், எந்தப் பக்கம், எவ்வளவு பெரிது என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, பக்கத்து பல் வைத்தியரிடமோ போதனா வைத்தியசாலையின் வாய் முக சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கோ போகச் சொல்லுங்கள். புற்றுநோய் வைத்தியசாலை உள்ள தெல்லிப்பழை என்று எடுத்த எடுப்பிலேயே வாயைத் திறக்காதீர்கள். அந்தப் பேரைக் கேட்ட பயத்திலேயே சிலர் எங்கும் போகமாட்டார்கள். மகளுடையதோ மருமகனுடையதோ போன் நம்பரை வாங்கி, போனவரா என்று அடுத்த கிழமை கேளுங்கள். போகவில்லையென்றால் திரும்பவும் எடுங்கள்.