பூ அழுத்தும் பலகை: மூன்று வாரம் மூடி வைக்காதீர்கள்

காட்பாடியில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, கல்லூரியில் தாவரவியல் படிப்பவள், பூவைத் தட்டையாக அழுத்திக் காயவைக்கத் தானே செய்த பிரஸ்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு பிளைவுட் பலகை, நாலு மூலையிலும் போல்ட், விரலால் முறுக்கும் விங் நட். வேலை சுத்தம். திறந்ததும் வந்த வாடைதான் சரியில்லை. மழையில் நனைந்து மூலையில் கிடந்த செய்தித்தாளின் வாடை. என் முதல் பலகையிலிருந்தும் இதே வாடைதான் வந்தது.

பனி ஈரத்தோடு பறிக்காதீர்கள், வாடிய பூவை வைக்காதீர்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. ஒரு தடவை கெட்டால் தானாகத் தெரிந்துவிடும். அப்படித் தெரியாத தவறுகளைத்தான் சொல்கிறேன்.

மெல்லிய பலகை

6 மி.மீ. பிளைவுட் மலிவு. ஆனால் மூலையில் நட்டை முறுக்க முறுக்க அது நடுவில் வெளிப்பக்கமாகப் புடைத்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் பூவுக்கு அழுத்தமே போகாது, இதழ் சுருங்கிவிடும். 12 மி.மீ. வாங்குங்கள். மரவாடியில் வெட்டி மிச்சமான துண்டே போதும். வீட்டுப் பூக்களுக்கு ஓர் அடிச் சதுரம் தாராளம். கல்லூரிக்கு ஹெர்பேரியம் தாளில் (காய்ந்த செடியை ஒட்டிச் சேர்த்துவைக்கும் தாள்) ஒட்டுவதென்றால் தாளே சுமார் 28க்கு 42 செ.மீ. இருக்கும், பலகை அதைவிடக் கொஞ்சம் பெரிதாக வேண்டும்.

துளை

இரண்டு பலகையையும் சேர்த்துக் கட்டி ஒரே தடவையில் போடுங்கள். 6 மி.மீ. போல்ட்டுக்கு 7 மி.மீ. துளை.

வார்னிஷ்

உள்பக்கம் வேண்டவே வேண்டாம்.

மூன்று வாரம் திறக்காமல் வைப்பது

இதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்துவது. "சார், தொறந்து பாக்கவே கூடாதுன்னு வீடியோல சொன்னாங்களே" என்றாள் அந்தப் பெண். சொன்னவர் எந்த ஊரில் உட்கார்ந்து சொன்னாரோ. உலர்ந்த காற்று வீசும் ஊரில் அது பலிக்கலாம். வேலூர் நவம்பரில், துவைத்த துணியே இரண்டு நாள் கொடியில் கிடக்கும்போது பூ எப்படிக் காயும்?

நானும் ஒரு நவம்பரில் ஏலகிரி போய் முப்பது, நாற்பது பூ பறித்து வந்தேன். அதில் செங்காந்தளும் இருந்தது. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, ஓரம் நெளிந்த இதழ்கள். ஒவ்வொன்றாக விரித்துவைக்கவே ஒரு மாலை போனது. இறுக்கி முறுக்கி, பீரோவுக்கு மேலே வைத்துவிட்டுப் பதினைந்து நாள் பொறுமையாக இருந்தேன். அந்தப் பொறுமைதான் கெடுத்தது. திறந்தால் செங்காந்தள் இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு கறை, அதன்மேல் சாம்பல் நிறப் பூஞ்சை. மொத்தத்தில் தேறியது நாலு புல்லும் ஒரு காகிதப்பூவும்.

நடப்பது இதுதான். பூவில் இருக்கும் தண்ணீரைத் தாள் உறிஞ்சுகிறது. உறிஞ்சி நிறைந்த பிறகு அந்த ஈரத்தாளே பூவைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. பலகை அழுத்தத்தான் செய்யும், காய வைக்காது. காய வைப்பது தாள், அதனால் தாளை மாற்ற வேண்டும். எவ்வளவு சீக்கிரம் காய்கிறதோ அவ்வளவு நிறம் நிற்கும்.

பூவை மெல்லிய தாள் ஒன்றை மடித்து அதற்குள் வையுங்கள். அந்த மடிப்புக்கு மேலும் கீழும் செய்தித்தாள். முதல் மாற்றம் மறுநாளே. அப்போது இதழ் இன்னும் துவண்டுதான் இருக்கும், மடங்கிய ஓரத்தை ஒரு தூரிகை நுனியால் நீவிவிடலாம். காயும்வரை அந்த ஒரு தடவைதான் மடிப்பைத் திறக்கலாம். அதற்கப்புறம் மடிப்பைத் தொடாமல் வெளித்தாளை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் இதழ் தாளோடு கிழிந்து வரும். முதல் நாலு நாள் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். எடுத்த தாளை எறிய வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் மாடியில் போட்டால் அரை மணியில் அப்பளம்போல் ஆகிவிடும். மழைக்காலத்தில் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக்கொள்ளுங்கள்.

காய்ந்துவிட்டது என்று தோன்றினால் மடிப்பைத் திறந்து பூவைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. இதழ் காய்ந்தாலும் காம்பு ஏமாற்றும், காம்பையும் வைத்துப் பாருங்கள். (செங்காந்தள் நச்சுச்செடி, கிழங்கில் விஷம் அதிகம். அதைக் கன்னத்துக்குக் கொண்டுபோகாமல் தாளைத் தொட்டுப் பார்த்தால் போதும். கையையும் கழுவிவிடுங்கள்.)

காற்று போகாத அட்டை

இரண்டு பூ அடுக்குக்கு நடுவே சாமான் வந்த அட்டைப்பெட்டியை வெட்டிப் போடுகிறோம். அதன் வெட்டு முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் சின்னச் சின்னச் சுரங்கங்கள் வரிசையாகத் தெரியும். ஈரக்காற்று வெளியே போகும் வழி அதுதான். நீளப் பலகை என்றால் சுரங்கம் குறுக்குவாட்டில் இருக்கும்படி வெட்டுங்கள், தூரம் குறையும். நட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினால் சுரங்கம் நசுங்கிவிடும். ஒரு மூலையை முறுக்கிய பின் எதிர்மூலை, விரல் பலம் போதும். பூ சுருங்கச் சுருங்கக் கட்டு தளரும், தாள் மாற்றும்போதே மறுபடி இறுக்கிக்கொள்ளலாம்.

பூப்போட்ட டிஷ்யூ

பூவை மடிக்கும் தாளாக இதை வைத்தால் அந்த டிசைன் இதழில் பதியும்.

செம்பருத்தி

எல்லோரும் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதன் கொழகொழப்பு தாளோடு ஒட்டிக்கொள்ளும். காகிதப்பூவில் ஆரம்பியுங்கள், ஈரம் குறைவு, நிறமும் நிற்கும். சாமந்தியை முழுசாக வைக்காமல் பாதியாக வகிர்ந்து வையுங்கள்.

சீட்டு எழுதாமல் விடுவது

பறித்த இடம், தேதி, உயிரோடு இருந்தபோது என்ன நிறம், இதையெல்லாம் அன்றைக்கே பென்சிலால் எழுதிவிடுங்கள். என்னிடம் அழகாகக் காய்ந்த ஒரு மஞ்சள் பூ இருக்கிறது. கூட இருக்கும் சீட்டில் "மலை, ஞாயிறு" என்று என் கையெழுத்து. ஏலகிரியா, ஜவ்வாது மலையா?