உங்கள் தொகுதியின் தேர்தல் வரலாற்றை நீங்களே தொகுக்கலாம்: ஆர்.கே.நகரை வைத்து ஒரு பயிற்சி

தொகுதி வரலாறு என்று தேடினால் வென்றவர்களின் பெயர்ப் பட்டியல்தான் கிடைக்கும். அந்தத் தேர்தலில் என்ன நடந்தது என்பது அதில் இருக்காது. அதைக் கண்டுபிடிக்கும் வழியை வடசென்னையின் ஆர்.கே.நகரை வைத்துப் பார்ப்போம்.

படி 1: எல்லை

முதலில் தொகுதி எல்லை எப்போது மாறியது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2008-ல் வந்த மறுசீரமைப்பு ஆணை 2011 சட்டமன்றத் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி என்று தனித்தனியாக இருந்தவை அப்போதுதான் சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி ஆயின. பெயர் மாறாத தொகுதியிலும் தெருக்கள் இடம் மாறியிருக்கலாம். அதனால் நோட்டில் 2006-க்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே உள்ள வாக்குகளைக் கீழே உள்ளவற்றோடு நேரடியாக ஒப்பிட வேண்டாம்.

படி 2: அட்டவணை

தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. ஆண்டு, முதல் மூன்று பேர், அவர்களின் கட்சி, வாக்குகள், வித்தியாசம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் 'ஏன் நடந்தது?' என்று ஒரு கட்டம் சேருங்கள். இடைத்தேர்தல்களுக்கு அது கட்டாயம் தேவைப்படும்.

படி 3: இடைத்தேர்தல்கள்

ஆர்.கே.நகரின் உண்மையான கதை இங்கேதான் இருக்கிறது. 2015 ஜூன் இடைத்தேர்தலில் ஜெயலலிதா 1,60,432 வாக்குகள் பெற்றார். இரண்டாவதாக வந்த இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளர் சி.மகேந்திரனுக்கு 9,710. அடுத்த ஆண்டு பொதுத்தேர்தலில் ஜெயலலிதாவுக்கு 97,218, தி.மு.க.வின் சிம்லா முத்துச்சோழனுக்கு 57,673. ஒன்றரை லட்சமாக இருந்த வித்தியாசம் ஒரே ஆண்டில் 39,545 ஆகிவிட்டது! செல்வாக்கு சரிந்தது என்று உடனே எழுதிவிடாதீர்கள். 2015-ல் தி.மு.க. போட்டியிடவே இல்லை. யார் நின்றார்கள் என்று பார்ப்பதைப் போலவே யார் நிற்கவில்லை என்றும் பாருங்கள்.

அப்புறம், நடக்காத தேர்தலையும் எழுதுங்கள். ஜெயலலிதா மறைவுக்குப் பின் 2017 ஏப்ரல் 12-ல் வாக்குப்பதிவு நடப்பதாக இருந்தது. வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்த புகாரில் ஆணையம் அதை ரத்து செய்தது. வெற்றியாளர் பட்டியலில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது. ஆனால் இதைச் சொல்லாமல் அந்த டிசம்பரில் நடந்ததை விளக்க முடியாது.

படி 4: டெபாசிட் கணக்கு

செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவர் டெபாசிட் இழப்பார். 2017 டிசம்பரில் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி.தினகரனுக்கு 89,013, அ.தி.மு.க.வின் மதுசூதனனுக்கு 48,306, தி.மு.க.வின் மருதுகணேஷுக்கு 24,651. மூன்றாவது எண்ணை ஆறால் பெருக்கினால் 1,47,906. மூவரின் வாக்குகளைக் கூட்டினாலே 1,61,970 வந்துவிடுகிறது. ஆகவே எதிர்க்கட்சியான தி.மு.க. டெபாசிட் இழந்தது. அடுத்த பொதுத்தேர்தலில், 2021-ல், அதே தி.மு.க. இங்கே வென்றது. எனக்கு இந்தத் தொகுதி பிடித்துப்போனதே இதனால்தான்.

படி 5: வாக்குச்சாவடி

தொகுதி மொத்தம் போதாது என்றால் படிவம் 20-ஐ எடுங்கள். ஒவ்வொரு சாவடியிலும் யாருக்கு எத்தனை வாக்கு என்று அதில் இருக்கும். சாவடி எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறக்கூடும். எனவே எண்ணை நம்பாமல், அந்தந்த ஆண்டின் வாக்குச்சாவடிப் பட்டியலில் பள்ளியின் பெயரையும் தெருக்களையும் பார்த்துப் பொருத்துங்கள். முதலில் உங்கள் சொந்தச் சாவடியை மட்டும் செய்து பாருங்கள்.